கையெழுத்துக்கு முன்னால் ஒரு குரல்



ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பல வருஷம் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவள் நான். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மதியம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் வெளிநாட்டிலிருந்து ஆடிட்டர் வருகிறார். பாதுகாப்புப் பயிற்சி கொடுத்ததாகக் காட்ட வேண்டிய பதிவேட்டில் நானூறு கையெழுத்து பாக்கி. சாப்பாட்டு மணி அடித்ததும் கேன்டீன் வாசலில் மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு கையில் டிபன் டப்பா, மறு கையில் பேனா என்று வரிசையாக வந்து போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு அக்கா மட்டும் பேனாவை வாங்கிக்கொண்டு நின்றார். "இது இன்னாத்துக்கு மேடம்?" என்றார். "ஒண்ணுமில்லக்கா, சும்மா போடுங்க, நேரமாவுது" என்றேன். போட்டுவிட்டுப் போனார்.

அவர் பேஸ்டிங் மேஜையில் வேலை செய்தவர். காலையிலிருந்து மாலை வரை பிரஷ்ஷால் சொல்யூஷன் பூசுகிற வேலை. அவர் கையெழுத்துப் போட்ட தாள் அந்தச் சொல்யூஷனைப் பற்றியது. அதன் ஆவி தலைசுற்றலும் தலைவலியும் தரும், டப்பாவைத் திறந்துபோட்டு வைக்காதே, புகையை இழுக்கும் விசிறியை நிறுத்தாதே, கையில் பட்டால் தின்னர் போட்டுத் துடைக்காமல் சோப்பு போட்டுக் கழுவு என்று அதில் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில். அந்த அக்காவுக்குத் தினமும் நாலு மணிக்கு மேல் தலைவலி வரும் என்பது எனக்குத் தெரியும். கம்பெனி முதலுதவி அறையில் மாத்திரை வாங்கிப் போவார். தலைவலிக்குக் காரணம் சொல்லும் தாள் என் கையில் இருந்தது. நான் அவரிடம் "ஒண்ணுமில்லை" என்று சொல்லியிருக்கிறேன். ஆடிட்டர் வந்தார், பதிவேட்டைப் புரட்டினார், நானூறு கையெழுத்தும் சரியாக இருந்தது.

இன்றைக்கு நான் பேச வந்தது அந்தத் தாளைப் பற்றித்தான். ஒரு வேலையிடத்தில் தொழிலாளி கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய தாள்கள் இருக்கின்றன. அவை அவரிடம் உண்மையில் எப்படிப் போய்ச் சேரும்? சேர்ந்த பிறகு பழசாகிப் போகாமல் எப்படி இருக்கும்?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் நீளும் நம் ஊர்களில் தோல் ஷாப்பு வேலைக்கு, அதாவது தோல் பதனிடும் வேலைக்கு, பல தலைமுறை வரலாறு உண்டு. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் சரக்கு. தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு ஓரத்தைச் சீவுவார்கள், விரலால் நசுக்குவார்கள், முகர்ந்து பார்ப்பார்கள். அப்பன் கையைப் பார்த்து மகன் கற்றுக்கொண்டான். தொழில் அறிவு முழுவதும் மூக்கிலும் விரலிலும் இருந்தது. அதற்குத் தாள் தேவைப்படவில்லை.

1970களில் அரசு பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளிநாடு போவதைக் கட்டுப்படுத்தியது. முடித்த தோலாகவும் ஷூவாகவும் செய்து அனுப்பச் சொன்னது. அதற்குப் பிறகு குரோம் டிரம்களும் மூட்டை மூட்டையாக ரசாயனங்களும் பெருகின. யாரோ ஓர் ஊரில் யாரோ தயாரித்த பொடி. அது என்ன செய்யும் என்பது நம் மேஸ்திரியின் விரலுக்குத் தெரியாது. கூடவே வருகிற தாளுக்குத்தான் தெரியும். கைக்குள் இருந்த அறிவில் ஒரு பெரிய பங்கு தாளுக்குப் போய்விட்டது. அதனால்தான், படிப்பது ஆபீஸ்காரர்களின் காரியம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு பொறுக்காது. சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அந்தத் தாள் கத்தியைப் போல, கையுறையைப் போல ஒரு கருவி.

ஒரே ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தோலில் இருக்கும் ரோமத்தைக் கரைக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறோம். பிறகு வேறொரு கட்டத்தில் உப்பும் கந்தக அமிலமும் போடுகிறோம். இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை அவரவர் வேலையைச் செய்யும். சல்பைடு கலந்த தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே வாய்க்காலிலோ தொட்டியிலோ சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றைவிடக் கனமானது, ஆகவே குழியின் அடியில் போய்த் தங்கும். சல்பைடு மூட்டையோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளில், நம் கம்பெனிகளில் எம்.எஸ்.டி.எஸ். என்று சொல்லும் தாளில், 16 பகுதிகள் இருக்கும். 10ஆவது பகுதியில் அமிலத்தோடு சேர்க்காதே என்று இருக்கும். 4ஆவது பகுதியில் முதலுதவி, 8ஆவது பகுதியில் எந்தக் கையுறை, எந்த முகமூடி என்று இருக்கும்.

இதில் எந்த அனுபவமும் கற்றுத்தர முடியாத ஒரு விஷயம் உண்டு. இந்த வாயு காற்றில் 100 பிபிஎம் அளவை நெருங்கும்போது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிடும். முப்பது வருஷம் தோல் ஷாப்பில் இருந்த பெரியவர் என்ன நினைப்பார்? "நாத்தம் போயிடுச்சி, இனி எறங்கலாம்" என்று நினைப்பார். அப்பனிடம் கற்ற மூக்கு அந்த இடத்தில் அவரைக் கைவிட்டுவிடுகிறது. உள்ளே இறங்கியவர் சாய்வார். அவரைத் தூக்க இன்னொருவர் பதறி இறங்குவார். அவரும் சாய்வார். தொட்டி சுத்தம் செய்யும்போது நடக்கும் சாவுகள் ஒன்றோடு நிற்காமல் இரண்டு, மூன்று என்று போவதற்கு இதுதான் காரணம்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதை அன்றே யோசித்திருந்தது. 36ஆவது பிரிவு சொன்னது இவ்வளவுதான்: விஷ வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள், குழிக்குள் ஒருவர் இறங்க வேண்டுமானால், உள்ளே ஆபத்தில்லை என்று தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பு பெல்ட்டில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும். எழுதிய தாள் ஒன்று, கயிறு ஒன்று, கயிற்றைப் பிடிக்கும் ஆள் ஒருவர். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. ஆனால் யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

போபாலை நாம் மறக்கக் கூடாது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு அங்கே ஓர் ஆலையிலிருந்து விஷ வாயு கசிந்தது. அந்த ஆலையின் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. இயந்திரத்தின் அருகே நின்றவர்களில் பலர் ஆங்கிலத்தைச் சரளமாகப் படிக்கக்கூடியவர்கள் இல்லை. அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான், 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் ஆபத்தான தொழில்களுக்கென்று ஒரு தனி அத்தியாயம் சேர்ந்தது. அந்த ஆபத்தான தொழில்களின் பட்டியலில் தோல் பதனிடுதலும் உண்டு. ஆபத்து என்ன, அதிலிருந்து தப்புவது எப்படி என்ற எல்லாத் தகவலையும் தொழிலாளிக்கு மட்டுமல்லாமல் ஆலையைச் சுற்றி வாழும் மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்றது 41-பி பிரிவு. தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றது 111-ஏ பிரிவு.

சுற்றி வாழும் மக்கள் என்ற அந்த வார்த்தைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ராணிப்பேட்டை ஞாபகம் வரும். 2015 ஜனவரி 31. சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அந்தக் கசடு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எவ்வளவு கசடு நிற்கிறது என்பது, அந்தச் சுவரோரம் பாய் விரித்தவர்களுக்கு அவர்கள் பாஷையில் தெரிந்திருக்க வேண்டும். அது அவர்களுக்கு நாம் பட்ட கடன்.

பாஷை என்றதும் நம் ஊர் நிலைமையைப் பார்க்க வேண்டும். ஆம்பூரில் ஒரு ஸ்டிச்சிங் லைனில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தால் தமிழ் இருக்கும், உருது இருக்கும், ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களின் தெலுங்கு இருக்கும். தோல் ஷாப்புகளில் வங்காளமும் இந்தியும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும், முதன்மை வாசலருகே, சுத்தமாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்றுதான் சட்டத்தின் 108ஆவது பிரிவு சொன்னது. பெரும்பான்மைக்குள் வராதவர் அதே குழியில்தான் இறங்குகிறார். சட்டம் கேட்டதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கேன்டீன் வாசல் சம்பவத்துக்குப் பிறகு, ஆறேழு மாதம் கழித்து, நாங்கள் வேறு மாதிரி செய்து பார்த்தோம். யோசனை என்னுடையது இல்லை, அந்த அக்காவினுடையது. ஒரு நாள் அவரிடம் போய், "அன்னிக்கி நீங்க கேட்டீங்க, நான் சொல்லல. இப்ப சொல்றேன்" என்று உட்கார்ந்து தமிழில் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இத நீங்க சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க மேடம். நான் சொல்றேன்" என்றார்.

மறுநாள் காலை மெஷின் ஓடத் தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிஷம் அவர் பேசினார். தாளில் "கரைப்பான் ஆவி" என்று நான் கஷ்டப்பட்டு மொழிபெயர்த்திருந்தேன். அவர் "சொல்யூசன் நெடி" என்றார். "போதிய காற்றோட்டம்" என்று எழுதியிருந்தேன். "அந்த ஃபேன நிறுத்துனா நமக்குத்தான் தல வலிக்கும், எவ வந்து நிறுத்துனாலும் உடாதீங்க" என்றார். பக்கத்து மேஜையில் இருந்த ஓர் ஆபா, உருது பேசும் அக்கா, அதையே உருதுவில் திருப்பிச் சொன்னார். பிறகு அக்கா சும்மா விடவில்லை. கூட்டத்தில் ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து, "நீ சொல்லு, கண்ணுல தெறிச்சா இன்னா பண்ணுவ?" என்றார். அந்தப் பெண் விழித்தாள். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து காட்டிவிட்டு வந்தார்.

கையெழுத்து அதற்குப் பிறகுதான் வாங்கினோம். படித்தேன் என்று போடுவதும், படித்ததைத் திருப்பிச் சொன்னேன் என்று போடுவதும் ஒன்றா? ஒரு நாளைக்கு ஒரு தாள், அதிலும் ஒரு விஷயம். பதினாறு பகுதிகளையும் ஒரே மூச்சில் சொன்னால் யார் மனசிலும் நிற்காது. உற்பத்தி ஐந்து நிமிஷம் குறைகிறது என்று மேலே முணுமுணுப்பு எழுந்தது உண்மை. தலைவலி மாத்திரைக்கு வந்து நின்ற வரிசை எவ்வளவு நேரம் தின்றது என்று கணக்குப் பார்க்கச் சொன்னேன்.

வேலை செய்கிற கைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவது புதிய வழக்கமும் அல்ல. கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் அதற்கென்றே ஒருவர் உயரமான மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் கதையும் படித்தார். அவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி அல்ல, சுருட்டு சுற்றிய தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கம்பெனிகளிலும் அப்படியே. சுற்றுகிற கைகள் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகை படிப்பார், அவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சேர்ந்து சுற்றிக் கொடுப்பார்கள். நம் ஊர் டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பெஞ்சில் பத்துப் பேர் கேட்டு அரசியல் கற்றார்கள். இந்த நிமிஷம் குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ பீடி இலை வெட்டியபடி என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்குக் காதால் படிப்பது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, தாள் பழசாகும் கதை.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. அலுவலகங்கள் மாறின, எண்கள் மாறின. அதற்கப்புறம் ஒரு வருஷம் கழித்துப் பார்க்கிறேன், எங்கள் வாசலில் அவசர எண்கள் எழுதிய பலகை பழைய வேலூர் எண்களோடு அப்படியே நின்றது. கண்ணாடி போட்டு, பூட்டு போட்டு, தூசி தட்டி, அழகாக இருந்தது. தினமும் ஆயிரம் பேர் அதைக் கடந்து போனோம். எவர் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் எழுத்து கொஞ்ச நாளில் சுவராகிவிடுகிறது.

ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலையில் கிராமத்து முனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்கள். அவர்களுக்காக 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ஓர் உள்புகார்க் குழுவைக் கட்டாயமாக்கியது. குழுவை அமைத்த ஆணையும், தவறு செய்தால் என்ன தண்டனை என்பதும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும் என்றது. உறுப்பினரின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. வேலையை விட்டுப் போனவரின் பெயரும், பயன்பாட்டில் இல்லாத போன் நம்பரும் அந்தப் பலகையில் இருந்தால் என்ன ஆகும்? ஒரு பெண் பல நாள் யோசித்து, தைரியத்தைத் திரட்டி, ஒரு முறை போன் செய்வாள். மணி அடிக்காது. இரண்டாம் முறை அவள் செய்யமாட்டாள். பழைய தாளை வெறும் குப்பை என்று நான் எண்ணுவதில்லை. அது நம்பி வந்தவளைத் திருப்பி அனுப்பிவிடும்.

சட்டமும் நிற்பதில்லை. நான் இவ்வளவு நேரம் பிரிவு பிரிவாகச் சொன்ன 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்குப் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கிறது. வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது அதில் உள்ள முக்கியமான விஷயம். வாசலில் தொங்கும் சட்டச் சுருக்கம் தலைப்பிலிருந்தே மாற வேண்டியிருக்கிறது. எத்தனை வாசல்களில் மாறியிருக்கிறது என்று நீங்களே போகிற வழியில் பாருங்கள்.

மாறியதைப் படிக்காமல் விட்டால் என்ன விலை என்பதை இந்தத் தொழில் ஒரு முறை பட்டறிந்தது. 1990ஐ ஒட்டி ஜெர்மனி, பிசிபி என்கிற பென்டாகுளோரோஃபீனாலைத் தடை செய்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இங்கே தாராளமாகப் பயன்பட்ட மருந்து அது. தமிழ்நாட்டுத் தோலுக்கு ஜெர்மனி பெரிய சந்தை. எல்லோரும் தடுமாறினார்கள். அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று மருந்துகளுக்கு வழிகாட்டியது. அந்த மூச்சு வாங்குவதற்குள் 1994இல் சில அசோ சாயங்களுக்கு ஜெர்மனி தடை கொண்டுவந்தது. 1997இல் இந்தியாவே அப்படிப்பட்ட பல சாயங்களைத் தடை செய்தது. 2015 மே 1 முதல் ஐரோப்பாவில், உடலில் படும் தோல் பொருளில் ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவைத் தொடக் கூடாது என்றானது. ஐரோப்பாவின் கவலைக்குரிய ரசாயனப் பட்டியல் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை நீள்கிறது. இவையெல்லாம் மெயிலில் மெர்ச்சன்டைசருக்கு வந்து சேர்ந்துவிடும். ஆனால் சாயத்தை எடைபோட்டு டிரம்மில் கொட்டுகிறவர் கையில் இருப்பது போன வருஷத்துத் தாள் என்றால், அந்த மெயில் வந்ததும் ஒன்று, வராததும் ஒன்று.

எங்கள் கம்பெனியில் கடைசியில் ஒரு வழக்கம் வைத்தோம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பெரிதாகத் தேதி. புதுத் தாளைக் கொண்டுவருகிறவர் பழைய தாளைக் கிழித்து என் மேஜையில் வைத்தால்தான் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு. மாறியது எந்த வரியோ அதற்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. காலையில் அந்த அடிக்கோட்டை மட்டும் படிப்பார்கள்.

இப்படி இரண்டு வருஷம் போன பிறகு ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அந்த அக்கா என் அறைக்கு வந்தார். லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து வருகிறவர் இல்லை. கையில் ஒரு காலி டப்பா. மேஜையில் வைத்தார்.

"இந்த டப்பா வேற கம்பெனிது மேடம். நேத்துலருந்து இதான் வருது. சொவுத்துல இருக்கற தாளு பழைய கம்பெனிது. நெடியும் வேற மாதிரி கீது. இதுக்குத் தாளு எங்க?"

ஸ்டோருக்குப் போன் செய்தேன். விலை குறைவென்று ஆளை மாற்றியிருக்கிறார்கள். தாள் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. "தாளு வர்ற வரைக்கும் இத நாங்க தொடல, பழசு மூணு டப்பா கீது, அத வெச்சி ஓட்டறோம்" என்று சொல்லிவிட்டு அவர் லைனுக்குப் போய்விட்டார். நான் சப்ளையருக்கு நாலு முறை போன் போட்டேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மெயிலில் வந்தது. கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் இரண்டு பேரும் நின்றபடியே படித்தோம். கையுறை மாற்ற வேண்டியிருந்தது. பழைய தாளை அவர்தான் சுவரிலிருந்து உரித்தெடுத்தார். மறுநாள் காலை படிப்பதற்காகப் புதுத் தாளை நாலாக மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.